"அவர் எங்கை?" என்று கேட்ட வீடுகள்

இப்போது இருக்கிற வாடகை வீட்டை விட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழும்ப வேண்டும். மகளின் உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். வவுனியா டவுனுக்குள் குறைந்த வாடகைக்கு ஓர் இடம் கிடைக்காவிட்டால், மாங்குளத்தில் என் அண்ணன் வீட்டில் இருந்து விடியமுன் பஸ் ஏறித்தான் அவள் பரீட்சை எழுத வேண்டும்.

முதல் வீட்டில் ஓர் அறை, சமைக்கக் குசினி, நல்ல தண்ணீர்க் கிணறு. எல்லாம் பிடித்தது. வீட்டுக்கார ஐயா என் புருஷனைப் பற்றிக் கேட்டார்: "அவர் எங்கை?"

"காணாமல் போனவர் ஐயா. கடைசிச் சண்டையிலை."

"அப்ப ஆமி, பொலிஸ் எண்டு அவங்கள் இவங்கள் விசாரிக்க வருவாங்களே. குறை நினையாதேங்கோ பிள்ளை."

எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய வாசல் படலையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். இரண்டாவது வீட்டில் கெட்டித்தனமாகப் பொய் சொன்னேன்: "அவர் வெளிநாட்டிலை." வீட்டுக்காரியின் முகம் மலர்ந்தது. அதே மலர்ந்த முகத்தோடு, வீடு பார்த்துத் தந்த தரகர் சொன்ன வாடகையை இரண்டு மடங்காக்கி, ஆறு மாத முற்பணமும் கேட்டார். தையல் கடையில் வேலை செய்கிற எனக்கு வெளிநாட்டுப் புருஷன் கட்டுப்படியாகவில்லை.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். உண்மையும் சரிவரவில்லை, பொய்யும் சரிவரவில்லை.

அங்கே கதிரையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அம்மா என் பொட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மனுசன் வரேல்லையே?"

நான் வாயைத் திறக்குமுன் மகள் சொன்னாள். "அப்பா செத்திட்டார்."

இத்தனை வருடமாக நான் ஒருவரையும் சொல்லவிடாத சொல். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன அதிகாரியோடு சண்டை பிடித்துவிட்டு வந்தவள் நான். அவர் வருவார் என்றுதான் இன்னும் பொட்டு வைக்கிறேன். ஆத்திரத்தில் மகளின் கையை இறுக்கி நசுக்கினேன். அவள் கையை இழுக்கவில்லை.

"எனக்கு அப்பாவின்ரை முகமும் தெரியாதம்மா," என்றாள் என்னிடம் மெதுவாக. "இருந்து படிக்க ஒரு இடம் வேணும்."

வீட்டுக்கார அம்மாவுக்கு அது கேட்கவில்லை. பாவம் என்று சொல்லி, கேட்காமலே வாடகையைக் குறைத்தார். பூட்டுத் திறப்பை எடுக்க உள்ளே போனார்.

அவர் திரும்பி வருமட்டும் எனக்கு நேரம் இருந்தது. இல்லையம்மா, பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திறப்பை வாங்கக் கையை நீட்டியது நான்தான்.