கார்டை முகர்ந்து பார்த்த அக்கா

மலேசியாவில், கிள்ளானில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்கு ஓர் அக்கா வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் கேமரா பை. பழைய கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எரிந்த வாடை அடித்தால் வேண்டாமாம்.

அவர் கையிலிருந்த காசுக்குள் வரும் புதுக் கார்டு ஒன்றைக் காட்டினேன். "கேம் நல்லா ஓடும்க்கா."

"கேம் வேணாம்லா தம்பி. கல்யாண வீடியோ எடிட் பண்ணணும். மெமரி கூடுதலா உள்ளதா கொடு, பழசா இருந்தாலும் பரவால்ல."

தன் தங்கையின் கணவரோடு சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ தொடங்கினாராம். அந்த ஆள் இவரை வெளியே தள்ளிவிட்டு, போர்டிலிருந்து பெயரையும் அழித்துவிட்டாராம்.

"கேஸ் போடலாமேக்கா?"

"கேஸ் போட்டா லாயர் பின்னால ஒளிஞ்சுக்குவான். அவன் மாசக்கணக்குல இழுக்கற வீடியோவ நான் ஒரு வாரத்துல கொடுப்பேன். அவன் கஸ்டமர் எல்லாரும் என்கிட்ட வரணும். அத அவன் பார்க்கணும்."

சொல்லும்போது குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பழைய கார்டையே வாங்கிப் போனார்.

மறு வருடம் திரும்பி வந்தார். "அவன் கடைய மூடிட்டான் தம்பி. இன்னொரு கார்டு வேணும்."

"அதான் மூடிட்டாரே, இன்னும் எதுக்குக்கா?"

"சிரம்பான்ல புதுசா திறக்கறானாம். நானும் அங்க ஒரு கிளை போடறேன்."

அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பில் போடும்போது அவருக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டேன்.