பெண்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்ற சைக்கிள்

பஞ்சரான சைக்கிள் இரண்டு நாளா கடையில் கிடக்கும்? புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். "பஞ்சர், கடையில விட்டிருக்கேன்" என்றார். வியாழக்கிழமையும் நடந்துதான் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பொய்யைத் தயார் செய்துகொள்வார். பேசாமல் இருந்தால் தானாக மாட்டுவார். அதுதான் என் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை அவர் புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போன பிறகு, ஒரு போலீஸ்காரர் சம்மனோடு வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணும் பயப்படாதீகம்மா. ரோட்டுல சைக்கிள நிப்பாட்டிட்டுப் போயிட்டாரு. தூக்கிட்டுப் போயி ஸ்டேஷன்ல போட்டிருக்கு. திங்கக்கிழம கோர்ட்டுல அபராதம் கட்டி ரசீதக் காட்டினா வண்டியக் குடுத்துருவாக" என்றவர், தலையைச் சொறிந்தார். "கிட்டங்கிக்குக் கொண்டாந்து குடுங்க, வீட்டுப் பக்கம் போயிராதீகன்னு சொன்னாரு. இந்த வெயில்ல அம்புட்டுத் தூரம் யாரு நடக்குறது?"

வீட்டுப் பக்கம் போயிராதீகளாமே! எனக்குச் சுரீர் என்றது. நான் எட்டாவது வரை படித்தவள். சம்மனை நானே வாசித்தேன். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, பெண்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே, போக்குவரத்துக்கு இடைஞ்சலாக என்று எழுதியிருந்தது. வேலை நேரத்தில், பெண்கள் ஆஸ்பத்திரியில், இந்த மனுஷனுக்கு என்ன ஜோலி?

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. மாமியார் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து மாதம் ஒருமுறை கத்திரிக்காயும் அவரைக்காயும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். வந்ததும் என்னை "ஏய், மலடி" என்றுதான் கூப்பிடுவார். அய்யலூரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதாகவும், தை பிறந்ததும் பேசி முடிக்கப்போவதாகவும் என் காதுபடவே சொன்னார். இரண்டாம் கல்யாணத்துக்குச் சட்டம் இடம் கொடுக்காது என்றேன். "சட்டமா வந்து பேரனப் பெத்துத் தரும்?" என்றார். என் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் சோறு தின்றார். அந்த அய்யலூர்ப் பெண்ணுக்கு ஓர் அக்கா. அந்த அக்கா பெண்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆயாவாக இருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி எனக்கும் புதிதல்ல. முந்தின வருஷம் நானே தனியாகப் போய்க் காட்டினேன். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உனக்கு ஒரு குறையும் இல்லம்மா. உன் வீட்டுக்காரர வரச் சொல்லு" என்றார் டாக்டரம்மா. வந்து சொன்னேன். மூன்று நாள் என் வீட்டுக்காரர் வீட்டில் கை நனைக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க உலை கொதித்ததோ இல்லையோ, என் மண்டை கொதித்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. அஞ்சு பைசாதான். பிறகு ஏன் ரோட்டில் போட வேண்டும்? யோசித்தேன், பிடி கிடைத்தது. ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவர் எங்கள் தெருக்காரர். காலையில் பார்த்ததைச் சாயங்காலம் தெருவுக்கே சொல்லிவிடுவார். அவர் கண்ணில் படாமல் உள்ளே போயிருக்கிறார் என் மனுஷன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! ஆயா மூலமாகக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, தை வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ராத்திரி சோற்றைப் போட்டு, பக்கத்தில் சம்மனையும் வைத்தேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

"கிட்டங்கி வேலையாப் போனேன்."

"பிள்ளை பெத்தவளுக்குப் புகையில குடுக்கப் போனீகளாக்கும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"திங்கக்கிழம நானும் வாரேன்."

"பொம்பளைக்குக் கோர்ட்டுல என்ன வேலை? பேசாம கெட" என்று கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

நான் ஏன் கிடக்கிறேன்? திங்கட்கிழமை அவர் முன்னே போக, இருபதடி பின்னால் நான் போனேன். திரும்பிப் பார்த்தார், முறைத்தார், மறுபடி நடந்தார். கோர்ட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

விளக்கில்லாமல் சைக்கிளில் போனவர், ஒரே சைக்கிளில் இரண்டு பேராகப் போனவர், மாட்டு வண்டியை ரோட்டில் அவிழ்த்துப் போட்டவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் "ஒத்துக்கிறேங்கய்யா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். என் வீட்டுக்காரரும் அப்படியே சொன்னார். ஆனால் மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ளேயே ஸ்டாண்டு இருக்கே. ஏன் ரோட்டில் போட்டீர்?"

என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"பிரசவ அவசரமா?"

"இல்லீங்கய்யா."

"அப்புறம் யாரைப் பார்க்கப் போனீர்?"

இதோ வருகிறது என்று ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"டாக்டரம்மாவத்தாங்கய்யா. பிள்ளை இல்ல. என் உடம்பச் சோதிச்சாக. அதோட முடிவக் கேக்கப் போனேன். தெரிஞ்சவுக யாரும் பாத்துரக் கூடாதுன்னு ரோட்டுல போட்டுட்டேன்."

கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மேஜையைத் தட்டி அடக்கிவிட்டு, "மூன்று ரூபாய்" என்றார். என் வீட்டுக்காரர் காது இரண்டும் சிவந்து போய் நின்றார். எனக்கு அழுகையாக வந்தது. நான்கு நாளாக மனசுக்குள் அந்த மனுஷனை என்னவெல்லாம் திட்டித் தீர்த்தேன்!

பணத்தைக் கட்டி, ரசீதைக் காட்டி, ஸ்டேஷனில் சைக்கிளை மீட்டோம். இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கியிருந்தார்கள். தள்ளிக்கொண்டே நடந்தோம்.

"டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"குறை எங்கிட்டத்தானாம்."

"புதன்கிழமையே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, நீ உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவியோன்னு பயந்தேன்" என்றார்.

அடப் பாவி மனுஷா! இவர் என்னைத் தள்ளிவிடுவார் என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு இப்படி ஒரு பயமா?

வீட்டை நெருங்கும்போது, "எங்க ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோர்ட்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீகளே!"

"அவுகெல்லாம் யாரோ எவரோதானே."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஆறு வருஷமாப் பேச்சு வாங்குனவ நானு" என்றேன். இது நடக்கிற காரியமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே, "கெளம்பு, ஆத்தாவப் பாத்துட்டு வருவோம்" என்றார். இன்னொரு அபராதத்துக்குப் பயந்து ஊர் எல்லை தாண்டும் வரை தள்ளிக்கொண்டு வந்து, பிறகு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அங்கே போய்ச் சேர்ந்தும் என்ன சொல்லி மழுப்புவாரோ என்றே எனக்குச் சந்தேகம். மாமியார் வீட்டு முன்னால், மாடு போகிற பாதையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு விடுவிடென்று உள்ளே போனார். நான் வெளியிலேயே நின்றேன். முதலில் அவர் குரல் கேட்டது. பிறகு, "அய்யோ, எம்புள்ள" என்று மாமியார் ஒரே ஒரு தரம் கத்தினார்.

ரொம்ப நேரம் கழித்து மாமியார் வெளியே வந்தார். கண்ணைத் துடைத்த முந்தானை கையிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தார்.

"மாடு வார நேரம். வண்டிய ஓரமா எடுத்துப் போட்டுட்டு உள்ள வா, தாயி" என்றார்.