திருப்பதிக்காரர் திருப்பதிக்கு வழி கேட்கவில்லை

என் கணவர் ஸௌரிராஜனுக்குத் திருப்பதியைத் தவிர வேறு ஊர் தெரியாது. திருப்பதிக்கு வழியும் தெரியாது. கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற ரகம் அவர். சித்தூரில் இருக்கும் என் பிறந்தகத்துக்கு இருபத்தாறு வருஷமாகப் போய் வருகிறார். நடுவில் பாகாலா என்று ஒரு ஊர் இருப்பது அவருக்குச் செய்தி.

திருச்சானூரில் தாயார் கோயில் மடப்பள்ளியில் அவருக்கு வேலை. வீடு, கோயில், மறுபடி வீடு. அந்த வழி அவரைவிட அவருடைய சைக்கிளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷர் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகோடு சேர்ந்து நானும் வெடித்தேன்.

“ஒங்களுக்கு வயசு அம்பது. ஞாபகம் இருக்கோ?”

“கலைவாணிக்காகடி” என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கலைவாணி கோயில் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். சின்ன வயசிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போன பெண். எங்கள் மகன் வரத், இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டருக்கெல்லாம் ஏதோ கோளாறு வரும், அதைச் சரிசெய்கிறேன் என்று அமெரிக்கா போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் பூத்துக்குத்தான் அவன் போன் வரும். நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த குடிசையிலிருந்து அவளுடைய அப்பா கன்னையா தினமும் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டு, அப்புறம் சித்தாள் வேலைக்குப் போவார். அவர் தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. அவர் படுத்தால் பூத் திறக்காது. இப்படியே மூடிக் கிடந்தால் பூத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று டெலிபோன் இலாகாவிலிருந்து அவளுக்குக் கடிதமும் வந்துவிட்டது.

ஊரில் ஒரு சங்கத்துக்காரர்கள் அந்தச் சைக்கிள் பயணத்தை நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் நடக்க முடியாத ஒருவரின் பெயர். சித்தூர், பாகாலா, சந்திரகிரி மூன்று இடத்திலும் முத்திரை வாங்கி, மாலை ஐந்து மணிக்குள் திருப்பதி வந்து சேர்ந்தால், அந்தப் பெயருக்கு ஒரு கம்பெனி கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி கொடுக்கும். இவர் அட்டையில் கலைவாணி பெயர்.

ஞாயிறு விடியற்காலை சித்தூரில் பதினாறு பேருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். கொடியசைக்கும் நேரத்தில் இவருக்குச் சந்தியாவந்தனம் ஞாபகம் வந்துவிட்டது. அட்டையில் முதல் முத்திரையை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், அர்க்கியம் விட்டு, காயத்ரியை நூற்றெட்டும் சொல்லி முடித்துத் திரும்பினால் தெருவில் ஒருவரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் மஞ்சளாக ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. சிலர் நடந்து, சிலர் சைக்கிளில். இவரும் ஏறிச் சைக்கிள்காரர்கள் பின்னாலேயே போய்விட்டார்.

அது ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். சித்தூர்ப் பக்கத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், அன்றைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டு போகிறவன் காவடி எடுத்துத் திருத்தணி முருகனிடம் போகிறான் என்று. எங்காத்து மனுஷருக்கு ஏகாதசி தெரியும், திருவோணம் தெரியும், ஆழ்வார்கள் அத்தனை பேருடைய திருநட்சத்திரமும் தெரியும். கிருத்திகை என்றால் அவருக்குக் கார்த்திகை மாசத்துச் சொக்கப்பனை மட்டும்தான். முன்னால் போனவர்கள் “அரோகரா” சொன்னபோதுகூடச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். ஏதோ சங்கத்துக் கோஷம் என்று நினைத்தாராம்.

வழியில் யாரையாவது கேட்டிருக்கலாம். “திருப்பதியிலேயே பொறந்தவன் திருப்பதிக்கு வழி எதுன்னு கேக்கறது மானக்கேடு இல்லையா?” என்றார். இந்த மானத்தைக் கட்டிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் மிதித்து, கார்வேட்டிநகரத்தில் ஒரு பந்தலில் போய் இறங்கியிருக்கிறார்.

பந்தலில் காவடிக்கூட்டத்துக்குத் தலைவர் வீராசாமி இவர் நெற்றித் திருமண்ணையும் பனியனையும் மாறிமாறிப் பார்த்திருக்கிறார்.

“சாமி, நீங்க எந்த ஊரு காவடி?”

“நான் திருப்பதிக்குப் போறேன்.”

“நாங்க திருத்தணிக்கில்ல போய்க்கினு கீறோம்.”

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அட்டையை எடுத்துக் காட்டி, கலைவாணி கதையைச் சொல்லியிருக்கிறார். வீராசாமி ஒரு சொம்பு கூழை நீட்டினார். வெங்காயம் அரிந்து போட்ட கூழ். எங்காத்தில் வெங்காயம் வாசற்படி தாண்டாது.

“துன்னுங்க சாமி. எங்க முருகன் உங்க பெருமாளுக்கு மருமவன்தானே. மாமனாரு ஊட்டு ஆளை வெறும் வயித்தோட அனுப்பினா அவரு எங்கள உடுவாரா?”

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். இவர் இரண்டு சொம்பு குடித்தார். அதை இவராகச் சொல்லவில்லை, நான்தான் கறந்தேன். கிளம்பும்போது வீராசாமி திருமண்ணுக்கு மேலேயே விபூதியை அள்ளிப் பூசி, புத்தூர் போய் இடப்பக்கம் திரும்பச் சொல்லி அனுப்பினார். புத்தூரில் இவர் காலை அகட்டி அகட்டி நடந்ததைப் பார்த்து, கேட்காமலேயே நாலு பேர் எலும்புக்கட்டு வைத்தியர் வீட்டுக்குக் கைகாட்டினார்களாம். உட்கார்ந்து உட்கார்ந்து வலித்த இடத்துக்கு எலும்புக்கட்டு எப்படிக் கட்டுவது?

திருப்பதியில் நான் பகல் இரண்டு மணியிலிருந்து மோர்ச் சொம்போடு நிற்கிறேன். கலைவாணியும் கன்னையாவும் பந்தல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்து பேர் வந்தார்கள், பதினைந்து வண்டி போயிற்று. பதினாறாவது வண்டி கலைவாணிக்கு எதிரிலேயே நின்றது. அவள் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு அதை லாரியில் ஏற்றினார்கள். லாரிக்காரன் டீ குடிக்கப் போனதால் அங்கேயே நின்றது. ஆறரைக்கு இவர் வந்தார், சந்திரகிரிப் பக்கத்திலிருந்து இல்லை, திருச்சானூர்ப் பக்கத்திலிருந்து.

சங்கத்துச் செயலாளர் கிரண்குமார், “ஏமி சாமி, இப்புடா வச்சேதி?” என்றார். இப்போதா வருவது என்று கேட்டதற்கு இவர் அட்டையை நீட்டினார். இரண்டு கட்டம் காலி, அதில் விபூதி ஒட்டியிருந்தது.

“ரூல் ரூல்தான் சாமி. கம்பெனிக்கு நான் பதில் சொல்லணுமில்ல.”

இவர் அவரிடம் வாதாடவில்லை. நொண்டிக்கொண்டே கலைவாணியிடம் போய், “தப்பு பண்ணிட்டேம்மா” என்றார். அவள், “பரவால்ல சாமி, மோரு குடிங்க, நாக்கு ஒலந்து போயிருக்குது” என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. அது வாயை விட்டு வெளியே வரும்போது கோபமாக வந்தது.

“எழுபதுதானே உங்க கணக்கு? இவர் நூறு கிலோமீட்டர் மிதிச்சிருக்கார். மிதிச்சதுக்கு வண்டியா, முத்திரைக்கு வண்டியா?” என்று கிரண்குமாரைக் கேட்டேன். நானே எதிர்பாராத அளவுக்குச் சத்தம். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவர், அடுத்த ஞாயிறு வரை வண்டி ஷெட்டில் இருக்கும், மூன்று இடத்திலும் முத்திரைக்கு ஆள் இருக்கும், சரியான வழியில் முத்திரையோடு வந்தால் கம்பெனியிடம் தானே பேசுவதாக ஒத்துக்கொண்டார்.

“அப்பாவாலே முடியுமாம்மா?” என்று எங்கள் பெண் வேதா கேட்டாள். இவர் ஆறு நாள் தலையணை மேல்தான் உட்கார்ந்தார். ஏழாம் நாள் சித்தூரில் நின்றார். வேதா மொபெட்டை ஓட்ட, மடிசாரோடு நான் பின்னால் உட்கார்ந்து, இவருக்குப் பத்தடி முன்னால் போனோம். ஒரு கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பப் பார்த்தார். “ஏன்னா” என்றேன். நேராக வந்தார். நாலு மணிக்கு மூன்று முத்திரையோடு திருப்பதி.

கிரண்குமார் சொன்ன சொல் தவறவில்லை. வண்டி தயாராக நின்றது. கன்னையா மகளைத் தூக்கி உட்காரவைத்து, விழுந்துவிடுவாளோ என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே கூட ஓடினார். பத்தடி போனதும் அவள் திரும்பினாள்.

“நைனா, கைய எடு. நான் போய்க்கிறேன்.”

கன்னையா எடுத்துவிட்டார். அவள் தெருக்கோடி திரும்பி மறைகிறவரைக்கும், அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.