எலி வளை நெல்

கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எலி அரிசி மூட்டையைக் கடித்துவிட்டது. "மருந்து வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி.

இந்த இடம் வயலாக இருந்தபோது, என்னோடு ஏழாவது படித்த முருகன் என்ற இருளர் பையனின் குடிசையில் ஓர் இரவு தங்கினேன். எலி வளையைத் தோண்டி எடுத்த நெல்லைக் குத்தி அவன் அம்மா சோறு போட்டார். மண் வாசம் அடித்தது.

"எலி நல்ல கதிராப் பாத்துத்தான் சேத்து வைக்கும். துன்னு கண்ணு."

"வயல பிளாட்டு போடறாங்களாம்," என்று அவன் அப்பா சிரித்தார். "எலியே காலி பண்ணப்போவுது, நாம இன்னா?"

"அப்போ என் இஸ்கூலு?" என்றான் முருகன். அம்மா விளக்கை ஊதி அணைத்தார்.

அடுத்த மாதம் அங்கே மனைக்கல் நட்டிருந்தார்கள். வகுப்பில் அவன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நான்தான், "வரல சார்," என்பேன்.

எலி திரும்பி வந்திருக்கிறது. மருந்து வாங்கக் கடைக்குப் போனேன்.