பொட்டைப் பற்றி எழுதாத மர்மநாவல்

இன்று ஓட்டமாவடி பஸ்ஸில் ஒரு மர்மநாவல் வாசித்துக்கொண்டு போனேன். சென்னையில் வேலைக்குப் போன ஒருவர் வீடு திரும்பவில்லை. மனைவி ஒரு துப்பறிபவரிடம் போகிறாள்.

இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, மறுபடி ஏறினோம். பக்கத்து இருக்கையில் இருந்த, வாகரை ஊர் அக்கா அப்போதுதான் நாவலின் அட்டையைப் பார்த்தார்.

"என்ன கத புள்ள?"

"புருசன் காணாமப் போன கத அக்கா."

"போய்க் கனகாலமா?"

"ரெண்டு மூணு வருசம் இரிக்கும்."

 அக்கா மெதுவாக, "அவ பொட்டு வைக்கிறாவா?" என்றார்.

பக்கங்களைப் புரட்டினேன். துப்பறிபவரின் சிகரெட் இருந்தது, மழைக்கோட்டு இருந்தது, காரின் நிறம்கூட இருந்தது. பொட்டைக் காணவில்லை.

"எழுதல்லையே அக்கா. ஏன் கேக்கிறீங்க?"

"மகன் ஒருநாள் திரும்பி வருவான், வை எண்டு மாமி சொல்றா. ஊர் கதைக்குது, அழி எண்டு எங்கட அம்மா சொல்றா. மாமி வீட்ட வைக்கிறன், அம்மா வீட்ட போகக்குள்ள அழிக்கிறன். கதையில அவ என்ன செய்யிறா எண்டு பாப்பம் எண்டுதான்."

அம்மா வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். நெற்றியில் பாதி அழிந்த சிவப்பு.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் நாவலை முடித்தேன். கடத்தியவன் பிடிபட்டான். கணவன் உயிரோடு வந்து கதவைத் தட்டுகிறான். கதவைத் திறந்தவளின் நெற்றியைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்களிடம் இருக்கும் மர்மநாவல்களில் யாராவது இதை எழுதியிருக்கிறார்களா? அக்கா மாமி வீட்டுக்குத் திரும்புவதற்குள் சொல்லுங்கள்.