ஔவுக்கு முன்னால்

கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறினேன். நல்ல மழை. முன்னிருக்கையில் இரண்டு பெண்கள், எழுத்து வரிசைப்படி தங்களுக்குப் பிடித்த பாடகர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"ஆ-வுக்கு ஒரு ஆளுதான் பறயணும், கேட்டியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்ன வயதில், கரமனை ஆற்றோரம் எங்கள் தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிய மத்தியானம், அக்காவும் நானும் பரண்மேல் இருந்தோம். அம்மா அக்கரையில் சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா இதே விளையாட்டைத் தொடங்கினாள்.

"ஔ வர்றதுக்குள்ள அம்மா வந்திருவாலே."

ஔவும் முடிந்து அவள் வராவிட்டால்? அந்தப் பயத்தில் ஒவ்வொரு எழுத்திலும் இழுத்தடித்தேன். கீழே அடுப்பு மூழ்கியது. சோற்றுப்பானை மிதந்து வாசலைத் தாண்டிப் போனது.

"ஓ-வுக்கு யாருலே? சொல்லித் தொலை, கழுதை."

"யோசிக்கேன்க்கா."

ஓ-வில் ஒரு பாடகியை எனக்குத் தெரியும். அம்மா மார்பளவுத் தண்ணீரில் வந்து எங்களைக் கூப்பிடும்வரை வாயைத் திறக்கவில்லை.

பிறகு எத்தனையோ ஊர்களில் இருந்துவிட்டேன். எங்கேயும் ஆற்றோரம் வீடு பிடித்ததில்லை.

முன்னிருக்கைப் பெண் ஓ-வுக்குச் சட்டென்று ஒரு பெயரைச் சொன்னாள். நான் இறங்கவேண்டிய இடம் இன்னும் வரவில்லை. மணியடித்து இறங்கிவிட்டேன்.