போகாத பதினெட்டு வீடுகள்

கொட்டகலை கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறைதான் எங்கள் அலுவலகம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் யார் யார் இருக்கிறார்கள், காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் எத்தனை குடும்பம், யாருக்குப் புது வீடு தேவை என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிவு செய்யும் வேலை. கொழும்பில் இருந்த ஒரு நிறுவனம் அதை நடத்தியது. நான் குழுத் தலைவி. எனக்குக் கீழே மூன்று பேர்.

ஒருத்தி ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். எந்த லயத்துக்குப் போனாலும் அங்கே யாராவது அவர்கள் கடையில் கல்யாணச் சேலை எடுத்திருப்பார்கள். அந்தப் பேச்சிலேயே கதவு திறந்துவிடும். இன்னொருத்தி நோட்டன் பிரிட்ஜிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள், ஐந்து வயது மகளுக்குத் தாய். மூன்றாவது ஆள் இறம்பொடைக்காரன். நெட்டையானவன், கொட்டகலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். தோட்டத்தில் நாங்கள் பத்துப் படி ஏறுவதற்குள் அவன் மேலே போய் நின்று சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து எங்கள் அதிகாரி போனில் கூப்பிட்டார்.

"பட்டியல் பத்து நாள் முந்தியே வேணும் மிஸ். உங்க குழுதான் நல்லா செய்யுது. முடியும்தானே?"

மூன்று பேரும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முடியும் சார்" என்றேன். நல்லா செய்யுது என்று அவர் சொன்னதில் எனக்கு மனம் குளிர்ந்துபோயிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக மூன்று பேருடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மழைக்காலம். அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் வாங்கி வைத்தேன், கால்வலிக்குத் தைலம் வாங்கி வைத்தேன். என் குழுப் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். துணிக்கடைப் பெண் கையில் பணிஸ் ரொட்டியோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். நோட்டன் பிரிட்ஜ்காரியின் மகளுக்குப் பாலர் பாடசாலையில் கலைவிழா. அவள் லீவு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நான் போகச் சொல்லவில்லை. மறுநாள் மாமியார் அனுப்பிய வீடியோவை எங்களுக்குக் காட்டினாள். வண்ணத்துப்பூச்சி வேடத்தில் குழந்தை ஆடாமல் நின்று கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் காட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறம்பொடைக்காரன் மேக்கணக்குக்குத் தனியாகப் போனான். தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்பார்கள். அது மலையின் உச்சியில் இருந்த பிரிவு. மாலையில் பதினெட்டு வீடுகளின் படிவங்களோடு வந்தான். அதுவரை எங்களில் யாரும் ஒரே நாளில் பதினொன்றைத் தாண்டியதில்லை. எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

திங்கள் காலை அவற்றைச் சரிபார்த்தேன். குறித்திருந்த நேரத்தைப் பார்த்தால் ஒரு படிவத்துக்கும் அடுத்ததற்கும் ஐந்தே நிமிடம். எல்லா வீட்டிலும் நாலு பேர். எல்லாக் கூரையும் நல்ல கூரை. எனக்குக் கோபம் வரவில்லை. குழுவில் யாரிடமும் சொல்லாமல், டிரைவரிடம் வேனை எடுக்கச் சொல்லி மேக்கணக்குக்குப் போனேன்.

முதல் லயத்தில் மூன்றாவது காம்பரா. ஒரு அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நேத்து யாராவது வந்து எழுதினாங்களாம்மா?"

"இல்லீங்களே. வருவாங்கன்னு சொன்னாங்க. காலையிலருந்து பார்த்துக்கிட்டே இருந்தோம். மூத்தவன் டவுனுக்குக்கூடப் போகல."

உள்ளே ஒன்பது பேர். சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் கல்யாணமான மூத்த மகன், மனைவி, கைக்குழந்தை. எங்கள் படிவத்தில் நாலு பேர். அந்தப் படிவம் அப்படியே போயிருந்தால் திரைக்குப் பின்னால் இருந்த குடும்பம் பட்டியலிலேயே இருந்திருக்காது.

திரும்பி வந்தபோது அவன் அலுவலகப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் எங்கே போய் வருகிறேன் என்று அவனே ஊகித்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தன வீட்டுக்குப் போன தம்பி?"

"ஒரு வீட்டுக்கும் போகலக்கா."

காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினான். பன் போல வீங்கியிருந்தது. சனிக்கிழமை லயத்துப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறான். ஞாயிறு வேனிலிருந்து இறங்கியவன் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைமடுவம் வரைதான் நடந்திருக்கிறான். விடுமுறை நாள், பிள்ளைகள் இல்லை. அந்த வெறும் விறாந்தையில் உட்கார்ந்து பதினெட்டையும் எழுதியிருக்கிறான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? என் பங்கையும் அவங்க ரெண்டு பேர் தலையிலதானே கட்டியிருப்பீங்க?"

ஆமாம், அதைத்தான் செய்திருப்பேன்.

முதலில் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரம் நடக்கக் கூடாது என்றார். பிறகு நால்வரும் அறையில் உட்கார்ந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

நோட்டன் பிரிட்ஜ்காரி எழுந்தே விட்டாள். "என் புள்ள ஆடுறதப் பார்க்காம நான் மழையில நின்னு எழுதியிருக்கேன். நீ உட்கார்ந்துக்கிட்டு எழுதுவியா?" என்றவள் அவன் காலைப் பார்த்தாள். அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அவன் கால் வைக்க ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

துணிக்கடைப் பெண் என் பக்கம் திரும்பினாள். மெதுவாகத்தான் கேட்டாள். "அக்கா, முடியும்னு சொன்னது யாரு?"

"நான்தான்மா. உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது."

அதைச் சொன்ன பிறகுதான் பேச்சு நேரானது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஓராள் குறைவு, மழை. அப்படி வைத்துப் பார்த்தால் எத்தனை லயம் ஒழுங்காக முடியும் என்று நாலு பேரும் சேர்ந்து எழுதிப் பார்த்தோம். மேக்கணக்கைத் தவிர மற்றதெல்லாம் முடியும் என்று வந்தது. பதினெட்டுப் படிவங்களையும் அழித்தோம். அவர்கள் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கொழும்பு அதிகாரியிடம், மேக்கணக்கு மட்டும் அந்தத் தேதிக்குள் முடியாது என்றேன்.

"மத்தவங்க எல்லாம் குடுக்குறாங்க மிஸ். உங்களுக்கு மட்டும் என்ன?"

"முடியும்னு நான் யோசிக்காம சொல்லிட்டேன் சார். வீட்டுக்குப் போகாம எழுதின படிவமும் இருந்துச்சு. அழிச்சிட்டோம்."

"யார் எழுதினது? பேர் குடுங்க."

"மன்னிச்சுக்குங்க சார், பேர் குடுக்க மாட்டேன். அப்படி எழுதுற நிலமைக்குக் கொண்டுவந்தது நான். அந்த வீடுகளுக்கு நாங்களே திரும்பப் போறோம்."

அவர் போனை வைத்துவிட்டார். பேரை மறைத்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அன்றைக்கு அவனைக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், மேக்கணக்குக்கு மட்டும் ஆறு நாள் கூடுதலாகத் தருவதாக ஒற்றை வரியில் செய்தி வந்தது. துணிக்கடைப் பெண் கீழே ஓடிப்போய்ப் பேக்கரியில் கேக் வாங்கி வந்தாள்.

அந்த ஆறு நாளில் கடைசி நாள் நாலு பேருமாகவே போனோம். அவன் இன்னும் லேசாக நொண்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது காம்பரா வாசலில் அந்த அம்மாவிடம் தானாகவே சொன்னான்: "அன்னைக்கு வராமலே வந்த மாதிரி எழுதிட்டேன்மா. மன்னிச்சுக்குங்க."

அவர் அவன் நொண்டுவதைப் பார்த்தார். "கால்ல என்னாச்சு? மொதல்ல உள்ள வந்து உட்காருங்க" என்று பால் இல்லாத பிளேன்டீ வைக்கப் போனார். ஒன்பது பேர், இரண்டு குடும்பம் என்று அவன்தான் பதிவு செய்தான். புது வீடு இன்னும் வரவில்லை. அந்த இரண்டு குடும்பமும் பட்டியலில் இருக்கின்றன.

திரும்பும்போது வேனில் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எங்கள் சிங்கள டிரைவர் வளைவுகளில் மாட்டு வண்டி போல ஊர்ந்தார். ஏன் என்று கேட்டேன். பின்பக்கம் கண்ணால் காட்டி, தூங்கட்டும் மிஸ் என்று சிங்களத்தில் சொன்னார்.

அடுத்த கட்ட வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நோட்டன் பிரிட்ஜ்காரியைத் தலைவியாகப் போட்டார்கள். "அக்கா, எடுக்கவா, வேணாமா?" என்று அவள் போனில் கேட்டபோது, "தயங்காம எடு" என்றேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அன்று பார்ப்பவர்களிடமெல்லாம் அவளைப் பற்றித்தான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.